நகரும் எல்லைக்கோடு: திரைப்படத் தந்திரக் காட்சிகளின் கைவேலை பற்றிச் சில எண்ணங்கள்

ஒவ்வொரு ஆண்டும் மலருக்குக் கட்டுரை கேட்டுச் சங்கச் செயலாளர் என் பாத்திரக்கடைக்கு வருவது வழக்கம். நானும் சீவகசிந்தாமணி, நீலகேசி, சிதறால் மலை என்று எனக்குத் தெரிந்த வட்டத்துக்குள்ளேயே ஏதாவது எழுதிக் கொடுப்பேன். இந்த முறை "சினிமா பற்றி எழுதப் போறேன்" என்றதும் அவர் சிரித்துவிட்டார். "அண்ணாச்சி, நீங்க தியேட்டருக்குள்ள கால் வச்சே பல வருஷம் இருக்குமே" என்றார். உண்மைதான். ஆனாலும் எழுதாமல் இருக்க மனம் ஒப்பவில்லை. அதற்குக் காரணம் எங்கள் வீட்டுக்கு மூன்றாம் வீட்டுப் பையன்.

பாறசாலைக்கு ரயில் வந்த 1979ஆம் ஆண்டில்தான் நானும் வந்தவாசிப் பக்கத்திலிருந்து இங்கே வந்தேன். அன்று முதல் அந்தக் குடும்பத்தைத் தெரியும். பையனின் அப்பா பாலராமபுரத்தில் தறி போட்டு நெய்தவர். பையன் திருவனந்தபுரத்தில் அனிமேஷன் படித்துவிட்டு, வெளியூரில் ஒரு கம்பெனியில் சில வருஷம் இருந்து, இப்போது வீட்டு மாடியிலேயே கம்ப்யூட்டர் வைத்து வேலை செய்கிறான். வயசான காலத்தில் எனக்கு ராத்திரி இரண்டு மணிக்கு விழிப்பு வந்துவிடும். எழுந்து பார்த்தால் அந்த மாடியறையில் நீல வெளிச்சம் எரிந்துகொண்டிருக்கும். ஒரு நாள் கேட்டே விட்டேன்: "தம்பி, ராவெல்லாம் அப்படி என்னதான்பா பாக்குறே?"

"ஒரு காதுக்கப் பொறத்தால நாலு நாளாட்டுப் போய்க்கிட்டு இருக்கேன் அண்ணாச்சி" என்றான்.

மாடிக்குக் கூட்டிப்போய்க் காட்டினான். மழையில் ஒரு பெண் ஓடி வருகிறாள். ஆறு விநாடிக் காட்சி. அவள் போட்டிருக்கும் கம்மல் முந்தின காட்சியில் போட்ட கம்மல் இல்லையாம். எடுக்கும்போது யாரும் கவனிக்கவில்லை. இப்போது அந்தக் கம்மலை அழித்துவிட்டுச் சரியான கம்மலை வைக்க வேண்டும். கம்மலை வரைந்து கொடுப்பவர் வேறொருவர். அது காதோடு காதாக ஒட்டிக்கொண்டு ஓடி வரவேண்டுமானால், ஒவ்வொரு படத்திலும் காது எங்கே இருக்கிறது என்று ஒருவர் குறித்துக் கொடுக்கணும். விநாடிக்கு 24 படம், ஆறு விநாடிக்கு 144 படம். மழைத்துளி குறுக்கே விழுகிறது, முடி வந்து காதை மூடுகிறது, அவள் தலையைத் திருப்புகிறாள். எந்தப் படம், யார் அந்த நடிகை என்று அவன் சொல்லவில்லை. சொல்லக்கூடாது என்று கையெழுத்து வாங்கியிருக்கிறார்களாம். நானும் வற்புறுத்தவில்லை.

"இதையெல்லாம் கம்ப்யூட்டரே செஞ்சுடாதா?" என்று கேட்டேன். எல்லாரும் கேட்கிற கேள்விதான். அவன் பொறுமையாகச் சொன்னதை எனக்குப் புரிந்த அளவில் எழுதுகிறேன்.

இயந்திரம் காதைக் காதாக அறியாது. அது ஒரு சின்னச் சதுரத்தை எடுத்துக்கொள்ளும். அதில் உள்ள வெளிச்சமும் இருட்டும் எப்படி அமைந்திருக்கிறது என்று பார்த்து, அடுத்த படத்தில் அக்கம்பக்கத்தில் அதே அமைப்பு எங்கே இருக்கிறது என்று தேடும். கிடைத்தால் அங்கே புள்ளியை நகர்த்தும். சாலையோர மைல்கல், சுவரில் ஒரு ஜன்னல் மூலை இவற்றையெல்லாம் அழகாகப் பின்தொடரும். ஆனால் பொருள் வேகமாக ஓடிக் கலங்கித் தெரிந்தாலும், நடுவில் ஒருவர் குறுக்கே போனாலும், மேகம் மறைத்து வெளிச்சம் மாறினாலும் அதற்கு வழி தப்பிவிடும். காதை விட்டுவிட்டுப் பின்னால் தெரியும் தென்னை ஓலையைப் பிடித்துக்கொண்டு அது பாட்டுக்கு நிற்கும். அந்த இடத்திலிருந்து மனிதன்தான் கையால் புள்ளி வைத்துக்கொண்டு போகவேண்டும். ஒரு புள்ளியைப் பின்தொடர்வதற்கு டிராக்கிங் என்றும், ஆளின் முழு ஓரத்தையும் கோடு கட்டிப் பின்தொடர்வதற்கு ரோட்டோ என்றும் பெயர். செய்முறை ஏறக்குறைய ஒன்றுதான், கோட்டில் வேலை பன்மடங்கு.

இதில் ஒரு நுட்பம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. புதிதாக வருபவர்கள் முதல் படம், இரண்டாம் படம், மூன்றாம் படம் என்று வரிசையாகப் புள்ளி வைப்பார்களாம். அப்படி வைத்தால் ஓட விட்டுப் பார்க்கும்போது கம்மல் ஈ மாதிரி நடுங்கும். ஒவ்வொரு தடவையும் கை ஒரு மயிரிழை தவறுகிறதல்லவா, அந்தத் தவறெல்லாம் சேர்ந்து நடுக்கமாகிவிடும். தேர்ந்தவன் அப்படிச் செய்யமாட்டான். முதலில் மொத்தக் காட்சியையும் பலமுறை ஓட்டிப் பார்ப்பான். கால் தரையைத் தொடும் இடம், தலை திரும்பும் இடம், கை உயர்ந்து இறங்கத் தொடங்கும் இடம், இப்படி அசைவு மாறும் இடங்களில் மட்டும் குறி வைப்பான். நடுவே உள்ளதை இயந்திரம் நிரப்பட்டும் என்று விடுவான். பிறகு இரண்டு குறிகளுக்கு நடுவில் உள்ள படத்தைப் பார்த்துத் தப்பினால் ஒரு குறி, அதற்கும் நடுவில் தப்பினால் இன்னொரு குறி. "எங்கெல்லாம் தொடப்பிடாதுன்னு தெரியணும் அண்ணாச்சி, அதுக்குத்தான் வருஷக்கணக்கா ஆவும்" என்றான். எங்கள் நூல்களில் காலத்தின் மிகச் சிறிய கூறுக்குச் சமயம் என்று பெயர். ஓர் இமைப்பொழுதுக்குள் எண்ணிறந்த சமயங்கள் அடங்கும் என்பார்கள். அந்தக் கணக்குக்கு விநாடிக்கு 24 என்பது ரொம்பப் பெரிய துண்டுதான். ஆனாலும் 144 துண்டுகளை ஒவ்வொன்றாக உட்கார்ந்து பார்த்த ஒரு மனிதனை அன்றைக்குத்தான் நேரில் கண்டேன்.

இனிக் கட்டுரைப் பொருளுக்கு வருகிறேன்.

தமிழில் முதல் இரட்டை வேடப் படம் 1940ல் மாடர்ன் தியேட்டர்ஸ் எடுத்த உத்தம புத்திரன். பி. யு. சின்னப்பா இரண்டு வேடம். அந்தக் காலத்து முறை என்னவென்றால், காமிராவை அசையாமல் நிறுத்தி, பாதியை மூடி நடிகரை ஒரு பக்கம் நடிக்க வைப்பார்கள். பிறகு அதே பிலிமைப் பின்னுக்குச் சுற்றி, மறுபாதியை மூடி, அவரையே வேறு உடையில் இந்தப் பக்கம் நடிக்க வைப்பார்கள். நடுவில் ஒரு கோடு உண்டு. அது ஒரு தூணோரமாகவோ கதவோரமாகவோ மறைந்திருக்கும். நடிகர் கை நீட்டி அந்தக் கோட்டைத் தாண்டினால் கை காணாமல் போய்விடும். ஆகவே பழைய படங்களில் இரட்டையர்கள் மரியாதையாக ஆளுக்கொரு பக்கம் நின்று பேசுவார்கள். 1957ல் வந்த மாயாபஜாரில் மார்க்கஸ் பார்ட்லி செய்த கல்யாணச் சாப்பாட்டுக் காட்சியை இன்றைக்கும் வாய்பிளந்து பார்க்கிறோம். அவரும் நிலையான காமிராவையும் மூடுதிரையையும் வைத்துத்தான் அந்த மாயத்தைச் செய்தார்.

கோடு அசையாமல் நிற்க, மனிதர்கள் அதற்கு இரண்டு பக்கமும் கட்டுப்பட்டு நிற்பது நமக்குப் புதிதில்லை. 1956 நவம்பர் 1ல் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு நான்கும் சென்னை மாநிலத்தோடு போக, நெய்யாற்றின்கரை இந்தப் பக்கம் நின்றது. களியக்காவிளையில் பெண் எடுத்தவன் பாறசாலையில் இருக்கிறான். சரி, அது வேறு கட்டுரை.

கோட்டை நகர வைத்தவர் அமெரிக்காவில் மாக்ஸ் பிளைஷர் என்பவர். 1915ல் விண்ணப்பித்து 1917ல் காப்புரிமை பெற்றார். தம்பியைக் கோமாளி உடையில் ஆடவிட்டுப் படம் பிடித்து, அந்தப் பிலிமை ஒவ்வொரு படமாகக் கண்ணாடியின் மேல் விழவைத்து, காகிதத்தில் கையால் வரைந்து எடுத்தார். கோடு ஆளோடு கூடவே நடக்க ஆரம்பித்தது. 1977ல் வந்த ஸ்டார் வார்ஸ் படத்தின் ஒளிவாள்களும் படம் படமாகக் கையால் வரைந்தவைதான். நம் பக்கத்தில் இதை ஜனங்கள் பெரிதாகப் பேசிக்கொண்டது 1994ல், ஷங்கரின் காதலன் வந்தபோது. பிரபுதேவாவின் தலையும் கையும் மறைந்து, வெறும் உடையும் தொப்பியும் ஆடும் பாட்டு. தந்திரக் காட்சிக்கான தேசிய விருது அந்தப் படத்துக்காக வெங்கி அவர்களுக்குக் கிடைத்தது. இந்தியன், ஜீன்ஸ் படங்களுக்கும் பிறகு அவருக்கே கிடைத்தது.

2007ல் சிவாஜி வந்தது. அந்த 'ஸ்டைல்' பாட்டைத்தான் இங்கே விரிவாகப் பார்க்கப் போகிறேன்.

பாட்டில் ரஜினிகாந்த் வெள்ளைக்காரர் நிறத்தில் வருகிறார். நான் அப்போது ஏதோ மேக்கப் என்றுதான் நினைத்தேன். கடைக்கு வந்தவர்களும் அப்படித்தான் சொன்னார்கள். உண்மை வேறு. ரஜினி நடித்த அதே இடத்தில், அதே வெளிச்சத்தில், ஒரு வெள்ளைக்காரப் பெண்ணை நிற்கவைத்தும் எடுத்தார்கள். அவளுடைய தோலின் நிறத்தையும் ஒளி பட்டால் அது மாறும் விதத்தையும் எடுத்து, ரஜினியின் முகம், கழுத்து, கை மீது கம்ப்யூட்டரில் ஏற்றினார்கள். பாட்டு ஸ்பெயின் நாட்டில், பெரும்பாலும் திறந்தவெளியில் எடுக்கப்பட்டது. ஆள் சும்மா நிற்கவில்லை, ஆடுகிறார். கண்ணாடியைச் சுழற்றுகிறார், கை முகத்துக்குக் குறுக்கே வருகிறது, தலைமுடி ஆடுகிறது. எங்கே தோல் முடிந்து சட்டை தொடங்குகிறது, எங்கே நெற்றி முடிந்து முடி தொடங்குகிறது என்று ஒவ்வொரு படத்திலும் கோடு நகரவேண்டும். ஒரு கலைஞர் கூட்டமே மாதக்கணக்கில் உட்கார்ந்து செய்த வேலை அது. தந்திரக் காட்சிக்கான தேசிய விருதை அந்தப் படமும் பெற்றது.

எங்கள் பையனிடம் இந்தப் பாட்டைப் போடச் சொல்லி, அவன் நிறுத்தி நிறுத்திக் காட்ட நான் பார்த்தேன். ஓரிடத்தில் கூட ஓரம் கசியவில்லை. அந்த அளவில் அதைக் குறை சொல்ல எனக்கு வாய் கிடையாது. ஆனால் வேலை நேர்த்தியாக இருக்கிறது என்பதோடு ஒரு விமர்சனம் முடிந்துவிடக் கூடாது. எதற்காகச் செய்த வேலை என்றும் கேட்கணும்.

கதையில் நாயகன் வெளுப்பாக வேண்டும் என்று படாத பாடு படுகிறான். படம் அதைப் பார்த்துச் சிரிக்கிறது, நாமும் சிரிக்கிறோம். சங்கத்தில் என் நண்பர் ஒருவர் "இது முழுக்க நையாண்டிதானே ஓய், நீர் ஏன் சிடுசிடுக்கிறீர்?" என்று சண்டைக்கு வந்தார். நையாண்டி என்பதில் பாதி உண்மை என்று ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கணக்குப் பார்க்கிற கடைக்காரன் நான். ஒரு படம் எதைக் கேலி செய்கிறது என்பதை வசனத்திலும், எதை விரும்புகிறது என்பதைச் செலவிலும் பார்ப்பவன். வெளுப்பாசையைக் கேலி செய்ய ஒரு டப்பா பவுடர் போதும். அதற்கு மேல் மாதக்கணக்கில் ஒரு கூட்டமே உழைத்து, மாசு மருவில்லாமல் அந்த ஆசையை நிறைவேற்றிக் காட்டியிருக்கிறார்கள். சிரிப்பு அங்கே நின்றுவிடுகிறது, பார்க்கிறவன் வியக்கத் தொடங்கிவிடுகிறான். கறுத்த முகத்தோடேயே தமிழ்நாட்டை முப்பது வருஷம் ஆண்ட ஒரு நடிகரின் மீது இதைச் செய்தார்கள் என்பதுதான் எனக்கு உறுத்துகிறது.

இந்த நெடுஞ்சாலையில் கடை வைத்திருப்பவனுக்கு இன்னொன்றும் நினைவு வரும். மலையாள சினிமாவின் தந்தை எனப்படும் ஜே. சி. டேனியல், அகஸ்தீஸ்வரத்தோடு தொடர்புள்ள தமிழ்க் குடும்பத்தவர். அவர் எடுத்த விகதகுமாரன் என்ற பேசாப்படத்தில் ரோஸி என்ற தலித் பெண் நாயர் பெண்ணாக நடித்தாள். அதைப் பொறுக்காமல் திருவனந்தபுரம் கொட்டகையில் கல்லெறிந்தார்கள். அவள் உயிருக்குத் தப்பி ஒரு லாரியில் ஏறி நாகர்கோவில் பக்கம் போய்விட்டாள் என்று சொல்கிறார்கள். போயிருந்தால் நெய்யாற்றின்கரை, பாறசாலை வழியாகத்தான் போயிருக்க வேண்டும். அந்தப் படத்தின் பிரதி இன்று இல்லை. 2013ல் செல்லுலாயிட் என்ற படம் அந்தக் கதையைச் சொன்னது. பின்தொடர்ந்து போவதற்கு ரோஸியின் ஒரு அசைவுகூட நமக்கு மிஞ்சவில்லை. திரையில் யார் முகம், எந்த நிறத்தில் தெரியலாம் என்பதில் நம் ஜனங்களுக்கு ஒரு பழைய நோய் உண்டு. ஸ்டைல் பாட்டு அந்த நோயைக் கிச்சுகிச்சு மூட்டிவிட்டுப் போகிறதே தவிர, மருந்தொன்றும் தரவில்லை.

இதற்கு நேர்மாறாகக் காதலன் பாட்டைச் சொல்வேன். 1994ன் கருவிகள் இன்றைக்குப் பார்த்தால் பாமரம். சில இடங்களில் ஓரம் நடுங்குவதை என் கண்ணுக்கே அவன் காட்டிவிட்டான். ஆனால் அங்கே தந்திரம் நடனத்துக்கு வேலை செய்கிறது. தலையும் கையும் போனபிறகு மிச்சமிருப்பது அடவு மட்டும். முகபாவம் பார்த்துக்கொண்டிருந்த நம் கண் காலுக்கு இறங்கிவிடுகிறது. மனிதனை அழித்து அவன் அசைவைக் காட்டிய பாட்டு அது. ஸ்டைல் பாட்டில் அசைவு முழுவதும் ரஜினியுடையது, அதைத் தோல் நிறத்துக்குப் பல்லக்குத் தூக்க வைத்துவிட்டார்கள். இரண்டில் எது உயர்ந்த கலை என்று கேட்டால் நடுங்கும் ஓரமுள்ள பழைய பாட்டைத்தான் கைகாட்டுவேன்.

தொல்காப்பியத்தில் மெய்ப்பாட்டியல் என்று ஓர் இயலே உண்டு. நகை, அழுகை தொடங்கி எட்டு மெய்ப்பாடு. உள்ளத்தில் நிகழ்வது உடம்பில் தோன்றுவதற்குத்தான் அந்தப் பெயர். இலக்கணம் படித்தவன் இந்த நோக்கிலும் தந்திரக் காட்சிகளைப் பார்க்கலாம் என்று தோன்றுகிறது. 2024 செப்டம்பரில் வந்த தி கோட் படத்தில் விஜய் அப்பா, மகன் இரண்டு வேடம். படப்பிடிப்புக்கு அவர் அந்த ஆண்டு மார்ச்சில் திருவனந்தபுரம் வந்தபோது எங்கள் பக்கத்துப் பையன்கள் வேலையைப் போட்டுவிட்டு ஓடினார்கள். மகன் வேடத்துக்கு முகத்தை இளமையாக்கிக் கொடுத்தது அமெரிக்காவின் லோலா என்ற நிறுவனம். அவர்கள் 2006ல் ஒரு எக்ஸ்-மென் படத்திலேயே கிழ நடிகர்களை இளைஞராக்கிக் காட்டியவர்கள். முகத்தின் ஒவ்வொரு சுருக்கத்தையும் பின்தொடர்ந்து போய் இழுத்துச் சரிசெய்வது அந்த வேலை. கோட்டில் கன்னம் இளமையாக இருக்கிறது. நடையும் தோளும் குரலும் அனுபவப்பட்ட ஆளுடையதாகவே இருக்கின்றன. நகை என்ற மெய்ப்பாடு வந்தால் உதடு மட்டுமா சிரிக்கிறது? கண்ணோரம், கழுத்து நரம்பு, தோள் குலுங்கல் எல்லாம் சேர்ந்துதான். கன்னத்தை மட்டும் இளசாக்கினால் மிச்ச உடம்பு அதற்குச் சாட்சி சொல்ல மறுக்கிறது. அந்த முகம் சில இடத்தில் பொம்மை போலிருந்தது என்று வாலிபர்களே குறைப்பட்டார்கள். காரணம் இதுவாக இருக்கலாம் என்பது என் ஊகம்.

இந்த ஊகத்தைப் பையனிடம் சொன்னபோது அவன் ஒன்று சொன்னான். ஒரு நடிகர் சிரிக்கும்போது கன்னத்தில் வைத்த புள்ளி மேலே போகும் என்றுதான் எல்லாரும் நினைப்பார்கள். அவன் மூன்று மாதம் பின்தொடர்ந்த நடிகருக்கு முதலில் ஒரு படம் அளவு கீழே இறங்கிவிட்டுத்தான் மேலே போகுமாம். "பொய்ச்சிரிப்புன்னா எறங்காது, நேரா மேல போவும்" என்றான். எந்த விமர்சகன் அந்த முகத்தை இவ்வளவு கூர்ந்து படித்திருப்பான்? உரையாசிரியர்கள் ஞாபகம் வந்தது. மூலத்தைச் சொல் சொல்லாகப் பின்தொடர்ந்து போய்ப் பதவுரை எழுதியவர்கள். நச்சினார்க்கினியர் சிந்தாமணிக்கு உரை செய்தார், அவர் பெயரை நாம் மறக்கவில்லை. 1887ல் உ.வே.சா. அந்நூலைப் பதிப்பித்தபோது குடந்தைச் சமணர்கள் தமக்கு உதவியதை அவர் மறைக்காமல் எழுதி வைத்தார். அந்தச் சிந்தாமணியிலேயே பறக்கும் மயிற்பொறி வருகிறது, செய்தவன் ஒரு தச்சன் என்றும் வருகிறது. நம் பையன் பெயர் எங்கே வருகிறது? படம் முடிந்து எல்லாரும் எழுந்து போனபிறகு ஓடும் நீளமான பட்டியலில், வந்தால் உண்டு. பெரும்பாலும் அவன் கம்பெனியின் பெயரோடு சரி. அந்தக் கம்பெனியும் இன்னொரு கம்பெனிக்கு வேலை செய்ததாக இருந்தால் அதுவும் இல்லை.

புதுச்சேரிப் பையன் ஒருவனின் கதையான லைஃப் ஆஃப் பை 2012ல் வந்தது. அந்தப் புலியைச் செய்த ரிதம் அண்ட் ஹியூஸ் நிறுவனத்துக்கு மும்பையிலும் ஹைதராபாத்திலும் கிளைகள் இருந்தன. 2013 பிப்ரவரியில் அந்த நிறுவனம் திவால் மனு கொடுத்தது. அதே மாதம் ஆஸ்கர் மேடையில் விருது வாங்கிய அவர்களுடைய ஆள் அதைப் பற்றிப் பேசத் தொடங்கியதும், இசையைப் போட்டு அவர் பேச்சை மூழ்கடித்தார்கள். 2025 பிப்ரவரியில் டெக்னிகலர் குழுமம் சரிந்தபோது பெங்களூரில் ஆயிரக்கணக்கானோர் ஒரே நாளில் தெருவுக்கு வந்தார்கள். எங்கள் பையன் இருந்தது அது இல்லை, சின்னக் கம்பெனி. அதுவும் மூடிவிட்டது. இரண்டு மாதச் சம்பளம் இன்னும் வரவில்லை. இப்போது இயந்திரமே பாடம் கற்றுக்கொண்டு ஆளின் ஓரத்தைத் தானே வெட்டித் தருகிறதாம். அது தப்பிய இடங்கள் மட்டும் இவனுக்கு வருகின்றன. முன்னே முழுக் காட்சிக்கும் கூலி, இப்போது திருத்தத்துக்கு மட்டும் கூலி. முடி, மழை, புகை என்று கஷ்டமான பகுதியெல்லாம் இவனுக்கு, சுலபமானதெல்லாம் இயந்திரத்துக்கு.

இந்தக் கதையை நான் முன்பே ஒரு தடவை பார்த்திருக்கிறேன். பார்த்தேன் என்பது பாதிதான், செய்தவனே நான். என் கடையில் பாத்திரத்துக்குப் பெயர் வெட்ட ஒரு பெரியவர் இருந்தார். சின்ன உளி, சின்னச் சுத்தியல். எவர்சில்வர் குடத்தை மடியில் சாய்த்துப் புள்ளி புள்ளியாகத் தட்டுவார். எழுத்துக்கு இவ்வளவு என்று கூலி. குடத்தின் வளைவில் எழுத்து சாயாமல் வர, புள்ளியின் இடைவெளியைக் கூட்டிக் குறைத்துக்கொண்டே போவார். தமிழ், மலையாளம் இரண்டும் வெட்டுவார். கல்யாண சீசனில் ராத்திரி பத்து வரைக்கும் டிக் டிக் என்று சத்தம் கேட்கும். பிறகு கரண்டில் ஓடும் எழுதுகோல் வந்தது. நான் ஒன்று வாங்கினேன். கடைப்பையனே பெயர் கிறுக்கிவிட்டான். பெரியவரிடம் "இனிமே தேவைப்பட்டா சொல்லி அனுப்புறேன்" என்றேன். சொல்லி அனுப்பவில்லை. அவரும் ஒன்றும் கேட்கவில்லை, உளியைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போனார்.

இப்போது பழைய பாத்திரம் மாற்றிப் புதுசு வாங்க வருகிறார்கள். கிறுக்கின பெயர்கள் தேய்ந்து, வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால்தான் தெரிகின்றன. பெரியவர் வெட்டியவை விரல் வைத்துத் தடவினாலே படிக்க முடிகிறது. போன சித்திரையில் ஒரு அம்மா கொண்டுவந்த அண்டாவை எடைக்குப் போடாமல் எடுத்து வைத்திருக்கிறேன். அதில் இருப்பது அவர்கள் வீட்டுப் பெயர். வெட்டினவர் பெயர் எதிலும் கிடையாது. எனக்கே அவருடைய முழுப்பெயர் தெரியாது என்பது அப்போதுதான் உறைத்தது.

கம்மல் படம் போன மாதம் வெளியானது. மலையாளத்தில் மொழிமாற்றி வந்திருந்த தெலுங்குப் படம். "இனி சொல்லலாம் அண்ணாச்சி" என்று பையன் டிக்கெட்டோடு வந்தான். அவன், அவன் அம்மா, நான், என் சம்சாரம் நான்கு பேரும் நெய்யாற்றின்கரையில் மேட்னி பார்த்தோம். படம் எனக்குப் பிடிபடவில்லை, சத்தம் ஜாஸ்தி. இடைவேளைக்குப் பிறகு மழைக்காட்சி வந்தது. பையன் என் முழங்கையைப் பிடித்தான். பெண் ஓடி வந்தாள், முடி காதை மூடியது, விலகியது, அவள் திரும்பிப் பார்த்தாள், அடுத்த காட்சி வந்துவிட்டது. நான் காதையேதான் பார்த்தேன். கம்மல் கம்மலாகவே இருந்தது.

"எங்கடா, ஒன் வேல எங்க?" என்று அவன் அம்மா கேட்டார்கள்.

"போயிட்டும்மா" என்றான்.

பெயர்ப்பட்டியல் ஓடி முடியும்வரை உட்கார்ந்திருந்தோம். கூட்டிப் பெருக்குகிறவர் எங்கள் வரிசைக்கு வந்து காலைத் தூக்கச் சொன்னார். எழுத்து ரொம்பப் பொடிசு, ஓடுகிற வேகத்தில் என் கண்ணுக்கு எட்டவில்லை. பையன்தான் ஒவ்வொரு வரியாகப் பார்த்துக்கொண்டிருந்தான்.